ஷீட்டில் இடம் கிடைக்காத நாற்காலி

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஐப்பசி மாதம். திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டை ஒட்டி எங்கள் பட்டறை இருக்கிறது. கதவு, ஜன்னல் என்று மரவேலை செய்துகொண்டிருந்த என் கணவர், கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே மரத்தில் வெட்டும் ஒரு சிஎன்சி மெஷின் வாங்கிப் போட்டதிலிருந்து, ப்ளைவுட் வெட்டிக் கொடுப்பதுதான் எங்கள் முழுநேர வேலை. மெஷினை அவர் பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது நான். கல்யாணத்துக்கு முன்பு ஒரு அச்சகத்தில் பத்திரிகை டிசைன் செய்துகொண்டிருந்ததால் எனக்கு அந்த வேலை சீக்கிரம் பழகிவிட்டது.

எட்டடிக்கு நாலடி ஷீட். அலமாரியோ மேசையோ, எதுவாக இருந்தாலும் அதன் பாகங்களை எல்லாம் அந்த ஷீட்டுக்குள் மரம் வீணாகாமல் அடுக்க வேண்டும். அதற்கு சாப்ட்வேர் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அதுவே அடுக்கிக் காட்டிவிடும். அதற்குப் பிறகு நான் கொஞ்சம் கையால் நகர்த்துவேன். டவுன் பஸ்ஸில் “செத்த தள்ளி உக்காருங்க” என்று சொல்லிச் சொல்லியே இன்னொருவருக்கு இடம் பண்ணிவிடுவோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

அந்த ஐப்பசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் மேடம் எங்களைத் தேடி வந்தார். தானாக உட்கார முடியாத, கழுத்து நிற்காத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன மையம் டவுனுக்குள் இருக்கிறது. அவர் அங்கே வேலை பார்க்கிறார். அந்தக் குழந்தைகள் சாய்ந்து விழாமல் உட்காருவதற்கு நாற்காலிகள் வேண்டும் என்றார். கடையில் வாங்குகிற நாற்காலி மாதிரி எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. ஒவ்வொரு குழந்தையின் தொடை நீளம், இடுப்பு அகலம், முதுகு உயரம், தலை எந்தப் பக்கம் சாயும் என்பது வரை அளந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். நாற்காலிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு வைக்க ஒரு பலகை உண்டு. குழந்தையின் வயிற்றை ஒட்டி வருவதற்காக அதில் அரை நிலா வடிவத்தில் ஒரு வெட்டு இருக்கும். ஆணி கூடாது. ஒரு பலகையின் வெட்டில் இன்னொரு பலகை சொருகி நிற்க வேண்டும்.

இதற்குச் சாதாரண ப்ளைவுட் சரிப்படாது. அதன் உள் அடுக்குகளில் அங்கங்கே ஓட்டை இருக்கும். சொருகும் இடத்தில் ஓட்டை வந்தால் பிள்ளை உட்கார்ந்ததும் பிளந்துவிடும். அதனால் ஓட்டையே இல்லாத உயர்ந்த ரக ஷீட்டுகளைக் கேரளாவிலிருந்து வரவழைத்தோம். நன்கொடையாக ஒருவர் வாங்கிக் கொடுத்தவை அவை. குழந்தைகளை நாற்காலியில் சரியாகப் பொருத்திவிட வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வருவதாகத் தேதியும் முடிவாகியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறைதான் அவர் இந்தப் பக்கம் வருவாராம்.

லாரி வந்தது மழையோடு. தார்ப்பாய் கிழிந்து, மேலே கிடந்த ஷீட் ஊறி, பிரித்த புத்தகம் மாதிரி அடுக்கடுக்காக விரிந்துபோயிருந்தது. என் கணவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாகச் சாய்த்து வைத்தார். திரும்ப வரவழைக்க நாள் இல்லை. மலைப்பாதையில் மழை, லாரி எப்போது கிளம்பும் என்று அந்தப் பக்கம் யாராலும் சொல்ல முடியவில்லை. உள்ளூரில் கிடைத்த நல்ல ப்ளைவுட்டில் ஒரு பாகத்தை வெட்டிச் சொருகி, அவரே ஏறி உட்கார்ந்து பார்த்தார். படக்கென்று உடைந்தது. வேறு மரத்தில் செய்யலாம் என்றால் வெட்டுகள் எல்லாம் இந்த ஷீட்டின் தடிமனுக்காகவே போட்டவை. மொத்த வரைபடத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மிச்சமிருந்த ஷீட்டுகளில் எல்லாவற்றையும் அடக்க முடியுமா என்று பார்க்க உட்கார்ந்தேன். திரையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தேன். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே பதில்தான் வந்தது. மற்ற எல்லா நிறமும் உள்ளே போய்விடும், ஊதா மட்டும் ஷீட்டுக்கு வெளியே நிற்கும். எல்லாரிலும் பெரிய பிள்ளை அது. ஒன்பது வயதுப் பெண். அவளுடைய பலகைகள்தான் பெரியவை. அதை விட்டால் மற்ற எல்லாருக்கும் கிடைக்கும். அதை உள்ளே வைத்தால் இரண்டு சின்னப் பிள்ளைகளுடைய நாற்காலி வெளியே போகும்.

மேடத்துக்குப் போன் செய்தேன். ஒரு நாற்காலியை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டியிருக்கும் என்றேன். யாருடையது என்று கேட்டார். சொன்னேன். பிறகு, “சரிம்மா, நான் அவங்கம்மாகிட்ட எப்படியாவது சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் முற்பகல். தூறல் விட்டபாடில்லை. வாசலில் ஒரு அக்கா வந்து நின்றார். நனைந்த முக்காடு, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குழந்தை என்று சொல்வதே தவறு, அவளுடைய கால்கள் அக்காவின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. தலை அம்மாவின் தோளில் கிடந்தது. பேகம்பூரிலிருந்து பஸ் ஏறி, நிறுத்தத்திலிருந்து அப்படியே சுமந்துகொண்டு நடந்து வந்திருக்கிறார்.

“தங்கச்சி, நாற்காலி வெட்டுற எடம் இதுதானே?”

எனக்குப் புரிந்துவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் உட்காருவதற்குள் நானே ஆரம்பித்துவிட்டேன். ஷீட் நனைந்தது, மறு லாரி கிடைக்காதது, கம்ப்யூட்டர் காட்டுவது என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் குழந்தையை மடியில் சரித்து, ஈரத்தைத் துப்பட்டியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சண்டை போட வரலம்மா. நேத்து உங்ககிட்ட பேசிட்டுப் போன வச்சதும் மேடம் என்கிட்டதான் வந்தாங்க. அவங்க மூஞ்சியப் பாத்ததுமே எம் புள்ளைதான்னு தெரிஞ்சுபோச்சு. எப்பிடிச் சொல்றதுன்னு தவிச்சாங்க, பாவம். அதான் நானே சொல்லிட்டேன், இவளுக்காக வேற எந்தப் புள்ளையோடதையும் நிறுத்திப்புடாதீங்கன்னு. உங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவரே தொடர்ந்தார்.

“நத்தத்துப் பக்கமிருந்து ஒரு பொடிசு வருது. ரெண்டு வயசு கூட ஆகல. அதுக்கெல்லாம் இப்ப உக்கார வச்சாத்தான் முதுகு நிக்குமாம். இவளுக்கு ஏற்கெனவே வளஞ்சுபோச்சு. இன்னும் ஒரு வருசம் என் இடுப்புலயே இருந்துக்குவா. எனக்குப் பழக்கம்தான்.”

“இதச் சொல்லவா அக்கா இந்த மழையில இவளையும் தூக்கிக்கிட்டு வந்தீங்க? போன்ல சொல்லியிருக்கலாமே.”

“போன்ல சொன்னா மனசு வருத்தத்துல சொல்றேன்னு நெனைப்பீங்க. நேர்ல பாத்தாத்தானே நெசமாச் சொல்றேன்னு தெரியும்.”

என் கணவர் மெஷினை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றிருந்தார். போய் டீ வாங்கி வந்தார். அக்கா டீயை ஆற்றி, சிறு கரண்டி கேட்டு வாங்கி, மகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு புகட்டும்போது அவருக்கு மகளின் நெற்றியும் மூக்கும்தான் தெரியும். பாதி டீ கன்னத்தில் வழிந்தது. ஒன்பது வருடமாக எல்லாச் சாப்பாடும் இப்படித்தானா என்று நினைத்தபோது என் கையிலிருந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

கிளம்பும் முன் திரையைப் பார்த்து, “இதுல இவளோடது எது?” என்று கேட்டார்.

ஊதா நிறத்தைக் காட்டினேன். ஷீட்டின் கோட்டுக்கு வெளியே குவியலாகக் கிடந்தது. அவர் மகளின் தாடையைக் கையில் ஏந்தி முகத்தைத் திரை பக்கம் திருப்பினார்.

“பாருடி, உன் நாற்காலி. கலரு நல்லாருக்குல்ல?”

அந்தப் பெண் பார்த்தாள். நிச்சயமாகப் பார்த்தாள். கண்கள் அந்த நிறத்தில் ஒரு நொடி நின்றன. அப்புறம் தலை தானாகத் தொங்கிவிட்டது.

மழையில் மறுபடி நடக்க வேண்டாம் என்று என் கணவர் அவர்களை எங்கள் சரக்கு வண்டியின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு பேகம்பூருக்குப் போனார். நான் தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்ததா என்றால், வந்தது. ஆனால் அதைவிட ஒரு பிரமிப்புதான் அதிகமாக இருந்தது. தன் பிள்ளைக்கு வேண்டும் என்று கேட்டு வருபவர்களைத்தான் எனக்குத் தெரியும். தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல இத்தனை தூரம் சுமந்து வரும் ஒரு தாயை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எதற்காக என்று தெரியாமல் மவுஸை உருட்டி ஷீட்டைப் பெரிதாக்கினேன். சாப்பாட்டுப் பலகைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் வயிற்றுக்கான அரை நிலா வெள்ளையாக, காலியாக இருந்தது. வெட்டி முடித்ததும் கூட்டித் தள்ளிவிடும் கழிவு அது. அத்தனை நாளும் அதை நான் ஓட்டை என்றுதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக அது மரமாகத் தெரிந்தது. ஓட்டையே இல்லாத, நாங்கள் தேடிக்கொண்டிருந்த அதே மரம்.

ஒரு அரை நிலா எதற்கும் உதவாதுதான். ஆனால் எல்லாப் பிள்ளைகளுடையதையும் சேர்த்தால்? குழந்தைகள் விளையாடும் படப்புதிரில் துண்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளுமே, அப்படி ஓரங்களை வெட்டிச் சேர்த்தால் ஒரு முதுகுப் பலகை வராதா? ஊதாவில் எங்குமே நுழையாமல் நின்ற பெரிய துண்டு அந்த முதுகுப் பலகைதான்.

என் கணவர் திரும்பி வந்ததும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

“முதுகு சாயுற பலகைம்மா அது. ஒட்டுத் துண்டுல வச்சு, வெலகிப்போச்சுன்னா புள்ள பின்னால விழுந்துரும்.”

“பின்னாடி ரெண்டு தேக்கு ரீப்பர் கட்டை குடுத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினா?”

அவர் யோசித்தார். உள்ளே போய், முதலில் சோதித்துப் பார்க்கப் பழைய துண்டுகளை எடுத்து வந்தார். நான் வரைந்து கொடுத்தேன், அவர் வெட்டினார். கவ்விக்கொள்ளும் ஓரங்களில் பசை தடவி இறுக்கி, பின்னால் ரீப்பர் வைத்து முடுக்கி, காயவிட்டோம். மறுநாள் காலையில் அதை இரண்டு செங்கல் மேல் வைத்து அவர் ஏறி நின்றார். அப்புறம் குதித்தார். அப்புறம் என்னையும் ஏறச் சொன்னார். இரண்டு பேரும் அதன் மேல் நின்றோம். அது அசையவில்லை. மேடம் வந்து பார்த்தார். விரலால் அழுத்தி, சாய்த்து, முதுகு படும் பக்கம் வழவழப்பாகத் தேய்த்துத் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். சரி என்றதும், “அவங்கம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லவேணாம். நெசமாவே வந்தப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

முதுகுக்கு வழி கிடைத்தது. ஆனாலும் அவளுடைய இருக்கை, பக்கப் பலகை, கால் வைக்கும் பலகை எல்லாம் இன்னும் ஷீட்டுக்கு வெளியேதான் நின்றன. சாப்ட்வேர் அடுக்கியதை மொத்தமாகக் கலைத்துவிட்டுக் கையாலேயே அடுக்க ஆரம்பித்தேன். ஒரு நீலத்தைத் திருப்பினால் ஒரு விரல் அகலம் கிடைக்கும். பச்சையைத் தலைகீழாக்கினால் அதன் வளைவில் மஞ்சள் போய்ப் படுத்துக்கொள்ளும். நனைந்த ஷீட்டில் ஈரம் ஏறாத மூலை ஒன்றை என் கணவர் அறுத்துக் கொண்டுவந்து காட்டி, “இத வச்சு என்ன பண்ண முடியும் பாரு” என்றார். இரண்டு சின்னப் பாகங்கள் அங்கே போயின. சமையலுக்கு எழுந்திருக்கவில்லை. அவரே கடையில் சாப்பாடு வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் கடைசி ஊதாத் துண்டு உள்ளே போனது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை. நாள் முழுக்க இடமே இல்லை என்று நின்ற ஷீட் அது. ஒரே பாயில் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் நெருக்கிப் படுத்துத் தூங்குவது மாதிரி, ஒருத்தர் முழங்கையில் இன்னொருத்தர் தலை, ஒருத்தர் மடக்கிய காலுக்குள் இன்னொருத்தர் முதுகு. நான்தான் அடுக்கினேன், ஆனால் நான் அடுக்கிய மாதிரி தெரியவில்லை. முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது, எனக்குத்தான் கண்ணில் படவில்லை என்று தோன்றியது. என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி திரையைப் பார்த்தார். “எல்லாம் வந்துருச்சா?” என்றார். “எல்லாரும் வந்துட்டாங்க” என்றேன்.

வெட்டுவது அதைவிடப் பயமாக இருந்தது. துண்டுகளுக்கு நடுவே அவ்வளவு குறைந்த இடைவெளி விட்டு அதுவரை நாங்கள் வெட்டியதே இல்லை. ஒரு துண்டு நகர்ந்தாலும் பக்கத்துப் பிள்ளையின் பலகையையும் சேர்த்துக் கடித்துவிடும். மாற்று ஷீட் கிடையாது. வழக்கமாக மெஷின் ஓடும்போது போனில் பேசுகிற மனுஷர், அன்றைக்கு மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மேலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசி ஷீட்டில் திடீரென்று சத்தம் மாறியது. எனக்குப் புரியும் முன்பே அவர் பொத்தானை அடித்துவிட்டார். ஒரு அரை நிலா பிடிமானம் விட்டுக் கிளம்பியிருந்தது. குனிந்து தூசியை ஊதிப் பார்த்தார். கட்டர் அதன் ஓரத்தைக் கொஞ்சம் செதுக்கியிருந்தது. சேர்ப்பதற்காக வெட்டி எறிய வேண்டிய ஓரம்தான் அது. பக்கத்துப் பலகை தப்பித்தது. அவர் அந்தத் துண்டை இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டினார்.

நிபுணர் வந்த அன்றைக்கு நாங்கள் இருவரும் மையத்துக்குப் போனோம். அதுவரை அந்தக் குழந்தைகளை நான் நிறங்களாகத்தான் பார்த்திருந்தேன். அங்கே ஒவ்வொருவராகத் தூக்கி வந்து உட்காரவைக்க, என் பச்சையும் மஞ்சளும் நீலமும் கண் முன்னால் பிள்ளைகளாக மாறின. நத்தத்துப் பொடியன் உட்கார்ந்த உடனே பலகையைப் படபடவென்று தட்டினான்.

பேகம்பூர் அக்காவும் வந்திருந்தார், வழக்கமான பயிற்சிக்காக. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று, மற்றப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பொடியனின் அம்மாவிடம், “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்று சொல்வது கேட்டது. அப்போதுதான் என் கணவர் உள்ளறையிலிருந்து கடைசி நாற்காலியைத் தூக்கி வந்தார். அக்கா அதன் அளவைப் பார்த்தார். அங்கிருந்த எந்தப் பிள்ளைக்கும் அது பெரிது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“இது யாருக்கு?” என்றார்.

மேடம் அக்காவின் இடுப்பிலிருந்து மகளை வாங்கினார். நிபுணர் நாற்காலியில் இறக்கி, பக்கங்களில் மெத்தை வைத்து, தலை தாங்கும் பலகையைக் கொஞ்சம் உயர்த்தி, கொஞ்சம் சாய்த்து, பட்டையை மாட்டினார். கையை எடுத்தார். தலை விழவில்லை. முதுகு முழுசாக நிமிரவில்லை, நிமிரவும் நிமிராது. ஆனால் முகம் நேராக நின்றது.

அக்கா எதிரே நின்றார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா நம்பாமல் ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்தார். அவள் கண்கள் கூடவே நகர்ந்தன. இடப்பக்கம் நகர்ந்தார். கண்கள் அங்கேயும் வந்தன.

“என்னையத் தேடுறா! யா அல்லா, என்னையத் தேடுறா பாருங்க!”

நிபுணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா மகளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பது வருடமாகத் தன்னோடு ஒட்டியே இருந்த முகத்தை, எதிரில் உட்காரவைத்துப் பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் முதுகுப் பலகையின் பின்பக்கத்தைக் கவனித்தார். கவ்விக்கொண்டிருந்த கோடுகளைத் தடவி, “இது என்ன தங்கச்சி, டிசைனா?” என்று கேட்டார். டிசைன் இல்லை என்று சொல்லி, எல்லாப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பலகையிலிருந்தும் வயிற்றுக்காக வெட்டி எடுத்த துண்டுகள்தான் இவை என்று காட்டினேன். இது நத்தத்துப் பொடியனுடையது, இது அந்த மூலையில் இருக்கும் பையனுடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். “ஏய், எல்லாரும் இங்க வாங்க! உங்க புள்ளைக வயித்தையெல்லாம் சேத்து எம் புள்ளைக்கு முதுகு வச்சிருக்காங்க, வந்து பாருங்க!” அம்மாக்கள் எல்லாம் வந்து சூழ்ந்துகொண்டார்கள். யாருடையது எது என்று கேட்டு, தொட்டுப் பார்த்து, ஒரே சிரிப்பும் சத்தமும். பொடியனின் அம்மா மட்டும் தன் பிள்ளையின் துண்டின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அந்த அக்கா இப்போதும் அந்த வழியாக வந்தால் பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, “வாரேன் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போவார். மகள் வளர்ந்துவிட்டாள், அடுத்த அளவுக்கு வேறு நாற்காலி வெட்டிக் கொடுத்திருக்கிறோம். என் வேலை அதே வேலைதான், அதே அலமாரி, அதே சமையலறைக் கதவுகள். ஆனால் ஏதாவது ஒன்று ஷீட்டுக்குள் அடங்காமல் வெளியே நிற்கும்போது, முன்பு மாதிரி உடனே அதை ஒதுக்கிவைக்க என்னால் முடிவதில்லை. இந்த உலகத்தில் இடம் இல்லை என்று நாம் சொல்வதில் எவ்வளவு நிஜமாகவே இடம் இல்லாதது, எவ்வளவு நாம் இன்னும் பார்க்காதது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து அடுக்கிப் பார்க்கிறேன்.